பந்து பிடிக்க ஆள் பிடித்த கதை

ஹெரான்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி அந்த ஆண்டு ஏன் தோற்றது என்று போர்ட் ஹார்லனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முடிவெட்டுகிறவர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிற கிழவர் சொல்வார். ஏரிக்கரைக் கடையில் மீன் வறுக்கிற பெண் கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொல்வாள்: எறிந்த பந்தை ஒருத்தனும் பிடிக்கவில்லை. இது தெரியாமல் இருந்தது அணி நிர்வாகத்துக்கு மட்டும்தான். அவர்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள்.

ஆராய்ச்சி முடிந்து ஜனவரிக் கடைசியில் கூட்டம் போட்டார்கள். கர்ட்டிஸ் பாய்கினையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் அந்த அணியின் ரிசீவர்களில் ஒருவன். அதாவது எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவன் பிழைப்பு. நட்சத்திரம் இல்லை. சட்டையில் அவன் எண்ணைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அவன் மனைவியும் மகளும்தான். போன பருவத்தில் பாதிக்கு மேல் தொடைத் தசை கிழிந்து வெளியே உட்கார்ந்திருந்தான். முப்பத்திரண்டு வயது, அந்தத் தொழிலில் பேரன் எடுத்த வயது. இளம் ஆட்டக்காரர்கள் அவனைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த ஊருக்கு வருமுன் அவனை அணிகள் ஊர் ஊராகப் பந்தாடியிருந்தன. கடைசியில் இங்கே வந்து எட்டு வருடம் நிலைத்துவிட்டான். மனைவி ரெனெட்டா காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியையாகிவிட்டாள். "நீ எந்த ஊருக்கு வேணா ஓடு கர்ட்டிஸ். இனிமே நான் பெட்டி கட்ட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். ஆகவே இன்னும் ஒரே ஒரு பருவம் இங்கேயே ஆடிவிட்டுக் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. பெரிய ஆசை என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தில் பொது மேலாளர் பிரெஸ்டன் லாக்வுட் எழுந்தார். ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் பொறுப்பு. அதற்கு முன் நாய்த்தீவனக் கம்பெனி ஒன்றைத் தூக்கி நிறுத்தியவர்.

"நாம தோத்தது பந்தைப் பிடிக்காததால இல்ல" என்று தொடங்கினார். "பந்து பிடிக்கிறதுங்கிறது ஒரு விளைவு. விளைவைப் பார்க்கிறவன் ரசிகன். நிர்வாகம் காரணத்தைப் பார்க்கணும். அதனால இந்த வருஷம் நாம ஆளுங்களை எடுக்கப் போறதில்ல. ஒரு அறையைக் கட்டப் போறோம்."

ஓர் அணியின் ரிசீவர்கள் எல்லோரையும் சேர்த்து 'அறை' என்று சொல்வது அந்தத் தொழிலில் அப்போது பரவியிருந்த வழக்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். ரிசீவர்களின் பயிற்சியாளர் வால்ட் டொம்ப்ராஸ்கி மட்டும் கையைத் தூக்கினார். அறுபது வயது, இரண்டு முழங்காலும் உலோகம்.

"அறைக்குள்ள பந்து பிடிக்கிறவன் ஒருத்தனாவது இருப்பானா?"

"வால்ட், இந்த மாதிரிக் கேள்விகளாலதான் நாம இங்க வந்து நிக்கறோம்" என்றார் லாக்வுட், மிகவும் அன்பாக.

அணியின் உரிமையாளர் திருமதி ஆஸ்ட்ராண்டர். அப்பாவின் குழாய்ச் சாமான் தொழிற்சாலையோடு அணியும் அவருக்கு வந்து சேர்ந்தது. காது சற்று மந்தம். அவர் இந்தப் பேச்சைக் கேட்டு மனம் நெகிழ்ந்து, மறுவாரமே கட்டட நிபுணரை அனுப்பிவிட்டார். ரிசீவர்கள் உட்கார்ந்து பழைய ஆட்டங்களின் படம் பார்க்கிற அறையின் சுவர் இடிந்தது, தோல் சோபாக்கள் வந்தன, பொன்நிறக் குழாயோடு மூன்று கைகழுவும் தொட்டிகள் வந்தன. தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று முதலாளியிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. திறப்பு விழாவில் லாக்வுட் ரிப்பன் பிடித்தார். "சொன்னதைச் செஞ்சோம்" என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

பிறகு ஆள் தேடும் படலம். கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்கிற நாள் ஏப்ரலில் வரும். அதற்கு முன் பையன்களை வரவழைத்து நேர்காணல் நடத்துவார்கள். அறையின் மூத்த குடிமகன் என்று கர்ட்டிஸையும் மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவன் பக்கத்தில் டாக்டர் எவன் ப்ரூயிட். புள்ளிவிவர ஆய்வுத் துறையின் தலைவர். பறவைகள் வலசை போகிற திசையைக் கணிப்பதில் முனைவர் பட்டம் வாங்கியவர். கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பேசுவார்.

அயோவா மாநிலத்திலிருந்து ஒரு பையன் வந்தான். சோளக்காட்டுக்காரன். மூன்று வருடத்தில் அவன் கையிலிருந்து நழுவிய பந்துகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கர்ட்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உன்கிட்ட என்ன விசேஷம்?" என்று கேட்டார் ப்ரூயிட்.

"பந்தைப் பிடிப்பேங்க."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார் ப்ரூயிட்.

லாக்வுட் முன்னால் சாய்ந்தார். "நீ ஒரு பிராணியா இருந்தா, நாயா இருப்பியா, பூனையா இருப்பியா?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "பூனைங்க. பாய்ஞ்சு பிடிக்கிறதுல பூனைதானே கெட்டி."

நாய்த்தீவனத்தில் பேரெடுத்தவர் பேனாவை மூடினார். பையன் வெளியே போனதும், "அணி உணர்வு கம்மி" என்றார். கர்ட்டிஸ் வாயைத் திறந்தான். "நல்ல பையன் மாதிரித் தெரியுது மிஸ்டர் லாக்வுட். அவன் ஆடின படங்களைப் போட்டுப் பார்த்தா..."

"கர்ட்டிஸ், நீங்க இங்க இருக்கிறதே எங்களுக்குப் பெரிய பலம்" என்றார் லாக்வுட். அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

கடைசியில் மூன்று பேரைப் பிடித்தார்கள். ஒருவன் டேவன் மெரிவெதர், நாட்டிலேயே வேகமாக ஓடுகிற கல்லூரி மாணவன். இன்னொருவனின் உள்ளங்கைகளைப் போல அகலமானதை அளவு நாடாக்காரர்கள் அதுவரை பார்த்ததில்லை. மூன்றாமவன் கூடைப்பந்தாட்டத்திலிருந்து வந்த உயரக்காரன். கதவு நிலைகளில் குனிந்துதான் நுழைவான். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து, அது உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிக்கலாம் என்று திட்டம் போட்டவன்கூட லாக்வுட்டுக்கு முன்னால் அவசரக்காரன்.

ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கியது. பந்தை எறிகிற கோல்பி ஹென்ஷா முதல் நாளே மெரிவெதரை நோக்கி எறிந்தான். மெரிவெதர் பந்தை முந்திக்கொண்டு போய் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று திரும்பிப் பார்த்தான். பந்து நெடுநேரம் கழித்து அவன் பின்னால் விழுந்தது. மறுபடி எறிந்தார்கள். மறுபடி முந்தினான். பந்து தன்னை நோக்கி வருவதைக் கண்டால் பையனுக்குக் கொஞ்சம் பயம் என்பது கர்ட்டிஸுக்குத் தெரிந்துவிட்டது. பயந்து ஓடுகிறவன் வேகமாகத்தானே ஓடுவான்.

"பந்து மெதுவா வருது" என்று ப்ரூயிட் திரையில் பார்த்துச் சொன்னார்.

அகலக் கைக்காரனுக்கு நேராக வந்த பந்தெல்லாம் தொட்டிலில் குழந்தை போலப் போய்ப் படுத்தது. ஆனால் பந்து வருகிற இடத்துக்கு அவனால் போய்ச் சேர முடியவில்லை. உயரக்காரன் எல்லோருக்கும் மேலாக எட்டிப் பந்தைத் தட்டிவிட்டான், கூடைக்குள் போடுகிறவன் போல. கூடை இல்லை.

வால்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "மிஸ்டர் லாக்வுட், இதுல ஒருத்தனும் தேற மாட்டான்."

"தனித்தனியாப் பார்க்காதீங்க வால்ட். மூணு பேரையும் சேர்த்துப் பாருங்க. வேகம், கை, உயரம். உலகத்துலயே சிறந்த ரிசீவர் நம்மகிட்டதான் இருக்கான்."

"மூணு பேரா இருக்கானே!"

"அதை ஒண்ணாக்கறதுதான் கோச்சிங்" என்றார் லாக்வுட்.

அந்த முகாமில் கர்ட்டிஸ் தன் பாட்டுக்கு ஓடினான், தன் பாட்டுக்குப் பிடித்தான். காலையில் எழுந்தால் முழங்கால் வலிக்கும், கணுக்கால் வலிக்கும், எது வலிக்கவில்லை என்று தேடிப் பார்த்துவிட்டுக் கட்டிலை விட்டு இறங்குவான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. யாரும் அவனைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஆள்குறைப்பு நாள் வந்தது. விதிப்படி இத்தனை பேர்தான் அணியில் இருக்கலாம். மிச்சப் பேரை அனுப்பிவிட வேண்டும். அனுப்பப்படுகிறவனை வந்து அழைத்துப் போக ஒரு ஆள் உண்டு. நீல் என்று பெயர். எல்லோரும் எமதூதன் என்பார்கள். பரம சாது. வருகிறபோது சட்டைப்பையில் புதினா மிட்டாய் கொண்டு வருவார்.

"பாய்கின்," என்று மிட்டாயை நீட்டினார், "உங்களைக் கொஞ்சம் மேல வரச் சொல்றாங்க."

மேலே லாக்வுட் எழுந்து வந்து இரண்டு கையாலும் கர்ட்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை நீக்கறோம். வருத்தப்படாதீங்க. உங்களை வச்சுக்கணும்கிறதுக்காகத்தான் நீக்கறோம்."

"புரியல."

"சின்னப் பசங்களை நீக்கினா வேற டீம் கொத்திட்டுப் போயிடும். உங்களை நீக்கினா யாரும் கொத்த மாட்டாங்க. அந்த நம்பிக்கை எங்களுக்கு உங்க மேல இருக்கு. இன்னிக்கு நீக்கிட்டு, நாளன்னிக்குப் பயிற்சிக் குழுவுல சேர்த்துக்கறோம். ஆட்ட நாள்ல சட்டை மாட்டி இறங்க மாட்டீங்க. மத்தபடி நீங்க எங்க குடும்பம்."

கர்ட்டிஸ் நன்றி சொன்னான். ஏன் சொன்னோம் என்று காரில் வீட்டுக்குப் போகும்போது யோசித்துப் பார்த்தான், விளங்கவில்லை.

ரெனெட்டா சமையலறையில் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"வேலை போயிடுச்சு. ஆனா போகல."

"அப்படின்னா?"

"வியாழக்கிழமை தெரியும்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "என் ஸ்கூல்ல ஒரு வாத்தியாரை இப்படிச் சொல்லி அனுப்பினா கோர்ட்டுக்குப் போயிருப்போம். நீ என்னடான்னா மிட்டாயைச் சப்பிட்டு வந்து நிக்கறே!"

வியாழக்கிழமை அவனைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வால்ட் போய்ச் சத்தம் போட்ட பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

பயிற்சிக் குழுவின் வேலை வேடம் போடுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணி மாதிரியே ஆடிக்காட்ட வேண்டும். அப்போதுதான் நம் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பழகும். எதிரியின் நட்சத்திர ரிசீவர் யாரோ, அவன் எண் போட்ட சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கர்ட்டிஸ் அவனாக ஆடுவான். ஒரு வாரம் நெவாடாக்காரன், ஒரு வாரம் டெக்சாஸ்காரன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து, தான் அந்த வாரம் யாராக இருந்தானோ அவனைத் தொலைக்காட்சியில் பார்ப்பான். ஹெரான்ஸ் ஒவ்வொரு வாரமும் தோற்றது. பந்தை ஒருத்தனும் பிடிக்கவில்லை.

அக்டோபரில் கார்வர் சிட்டி அணியோடு ஆட்டம் வந்தது. அவர்களுடைய பெரிய புள்ளி ஆம்ப்ரோஸ் ஃபான்டனோ, எண் எண்பத்துநான்கு, லூசியானாக்காரன். கர்ட்டிஸ் அவன் ஆடிய படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். ஓடத் தொடங்குமுன் இடது தோளை ஒரு குலுக்குக் குலுக்குவான். வேகமாகப் போய்ச் சட்டென்று இடுப்பைத் தாழ்த்துவான். பந்து வருகிற கடைசி நொடிவரை கையைத் தூக்க மாட்டான்.

புதன்கிழமை அந்த எண்பத்துநான்கை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கியபோது கர்ட்டிஸுக்கு என்னவோ ஆனது. தோளைக் குலுக்கினான். ஓடினான். முழங்கால் அவனுடையதாக இல்லை, லூசியானாக்காரனுடையதாக இருந்தது. ஃபான்டனோ செய்வதையெல்லாம் செய்தான். அது முடிந்த இடத்தில், தன் வசம் இருந்த பழைய சரக்கில் கொஞ்சம் சேர்த்தான்: கடைசியில் உள்ளே போவது போல ஒரு எட்டு வைத்து, குதிகாலில் திரும்பி வெளியே வருகிற திருப்பம். தடுப்பாட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் விழுந்தார்கள். எறிந்த பந்தெல்லாம் கைக்கு வந்தது.

"தாத்தா, போதும், மானத்தை வாங்காதே!" என்று ஒருவன் புல்லில் உட்கார்ந்தபடி கத்தினான்.

கர்ட்டிஸ் சிரித்தான். அவ்வளவு மாதத்தில் அவன் மைதானத்தில் சிரித்தது அன்றுதான். வால்ட் ஓரமாக நின்று கையைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நிஜ ஃபான்டனோ வந்தான். கர்ட்டிஸோடு மல்லுக்கட்டித் தேறியிருந்த தடுப்பாட்டக்காரர்கள் அவனை அசையவே விடவில்லை. ஆனாலும் ஹெரான்ஸ் தோற்றது. காரணம் ஊருக்கே தெரியும்.

நவம்பர் தொடக்கத்தில், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், நீல் மறுபடியும் மிட்டாயோடு வந்தார். மேலே அறை இருட்டாக இருந்தது. சுவரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை, எண்பத்துநான்கு, தோளைக் குலுக்குகிறது, ஓடுகிறது, பிடிக்கிறது.

"பார்த்தீங்களா!" என்றார் லாக்வுட். அவர் கண்ணில் ஈரம். "கம்ப்யூட்டர் எல்லாப் படத்தையும் அலசிட்டுச் சொல்லிடுச்சு. நம்ம தடுப்பாட்டத்துக்கு எதிரா இவன் ஒரு பந்தைக்கூட விட்டதில்ல. இவனை வாங்கிட்டோம். பதிலுக்கு அடுத்த ரெண்டு வருஷமும் கல்லூரிப் பசங்கள்ல நம்ம முதல் ஆளைப் பொறுக்கற உரிமையைக் கொடுத்துட்டோம். இவனுக்கு இடம் வேணும், அதனால உங்களை..."

"மிஸ்டர் லாக்வுட், அது நான்."

"எது?"

"படத்துல இருக்கிறது. அது நம்ம பயிற்சி மைதானம். பின்னால நம்ம தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க. நான்தான் அவன் சட்டையைப் போட்டுட்டு ஆடினேன்."

லாக்வுட் ப்ரூயிட்டைப் பார்த்தார். ப்ரூயிட் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டினார்.

"கம்ப்யூட்டர் எண்ணைத்தான் படிக்கும். முகம் அதுக்குத் தேவையில்ல" என்றார். "எண்பத்துநாலு நல்லவன். அதுல மாற்றம் இல்ல."

"அப்ப என்னையே எண்பத்துநாலு போட்டு ஆட விடுங்களேன்!" என்றான் கர்ட்டிஸ். அவன் குரல் உயர்ந்தது அவனுக்கே புதிதாக இருந்தது.

லாக்வுட் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "கர்ட்டிஸ், மனசுல பட்டதைச் சொல்றேன். அவனா இருக்கும்போதுதான் நீங்க பிரமாதமா ஆடறீங்க. நீங்களா இருந்தப்போ எப்படி ஆடினீங்கன்னு எங்ககிட்ட எட்டு வருஷக் கணக்கு இருக்கு. நாளைக்கே உங்களை இறக்கிவிட்டா, நீங்க மறுபடியும் நீங்களா ஆயிட்டீங்கன்னா? அந்த ஆபத்தை எந்த நிர்வாகமும் எடுக்காது. ஆனா ஒண்ணு. அந்த மனுஷனோட மதிப்பை எங்களுக்குக் காட்டினதே நீங்கதான். அதை இந்த அறை என்னிக்கும் மறக்காது."

கர்ட்டிஸ் இந்த முறை நன்றி சொல்லவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்து அங்கேயே சற்று நின்றான். வரவில்லை. களைப்புதான் வந்தது.

மறுநாள் பிற்பகல் தன் சாமான்களைப் பையில் அடைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தான். ஈரப்பனி சேறாகக் கிடந்தது. விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் காரிலிருந்து ஒருவன் இறங்கினான். மெல்லிய மேல்கோட்டு, அந்த ஊர்க் குளிருக்கு ஆகாது. கர்ட்டிஸைப் பார்த்ததும் நின்றான்.

"இங்க ஆடுறவரா ப்ரோ?"

"நேத்துவரைக்கும்."

"நான் ஆம்ப்ரோஸ் ஃபான்டனோ."

"தெரியும்" என்றான் கர்ட்டிஸ்.

ஃபான்டனோ பெட்டியைக் கீழே வைத்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். நேத்து தொட்டில் பூட்டிட்டிருந்தேன். போன் வருது, நீ போர்ட் ஹார்லன் போன்னு. சரின்னு கிளம்பினேன். நான் ஆடின படம்னு ஒண்ணு அனுப்பிச்சாங்க, 'இதே மாதிரி ஆடுங்க, அதுக்குத்தான் வாங்கினோம்'னு. ப்ளேன்ல பூரா அதையேதான் பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினான். "ப்ரோ, அது எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல. எப்ப ஆடினேன், எங்க ஆடினேன், ஒண்ணுமே. தலையில அடிபட்டு மறந்துட்டேனோன்னு பயந்துட்டேன். டாக்டர்கிட்ட போகலாமான்னு பார்க்கறேன்."

கர்ட்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஃபான்டனோவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "உன் தலைக்கு ஒண்ணும் இல்லப்பா. அது நான்."

நடந்ததைச் சொன்னான். ஃபான்டனோ கார் மேல் சாய்ந்து முழுக்கக் கேட்டான். பிறகு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். "அப்பாடா!" என்றான். உடனே, "ஐயோ!" என்றான். "ஞாயித்துக்கிழமை அப்படி ஆடச் சொல்வாங்களே! கடைசியில ஒரு திருப்பம் திரும்பறியே, அது என்னதுன்னே எனக்குத் தெரியாது."

கர்ட்டிஸ் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பையைக் காரின் மேல் வைத்தான். "இங்க பாரு" என்று, இரண்டு கார்களுக்கு நடுவே, சேற்றில், உள்ளே ஒரு எட்டு வைத்துக் குதிகாலில் திரும்பிக் காட்டினான்.

காவலாளி லெனர்டு கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "பாய்கின், கோவிச்சுக்காதே. உன் அட்டை காலையிலேயே ரத்தாயிடுச்சு. வெளிய ஆளு உள்ள நிக்கக் கூடாது."

"இவர் என்கூட இருக்கார்" என்றான் ஃபான்டனோ.

"உங்களுக்கு இன்னும் அட்டையே வரலையே, சார்."

இருவரும் வெளியேறித் தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த டயர் கடையின் முன்னால் இருந்த காலி இடத்துக்குப் போனார்கள். ஃபான்டனோ முதல் தடவை வழுக்கி விழுந்தான். அடுத்ததில் காலை முந்தித் திருப்பினான். "அவசரப்படாதே. தடுக்கிறவன் உன்னை நம்பணும், அதுவரைக்கும் உள்ளதான் போறே" என்றான் கர்ட்டிஸ். அதற்கப்புறம் வந்துவிட்டது. இன்னொரு முறையும் செய்து பார்த்தான், அழகாக வந்தது. மூச்சு வாங்க நின்று, ஃபான்டனோ தன் காலையே பார்த்தான்.

"நல்லாத்தான் ஆடறேன் நான்" என்றான்.

"ஆமா" என்றான் கர்ட்டிஸ்.

வீட்டுக்கு வந்து, ரெனெட்டா வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஈரக் காலுறையைக்கூடக் கழற்றாமல் படுத்தான். மறுநாள் சூரியன் உச்சிக்கு வந்தும் எழுந்திருக்கவில்லை. தொலைபேசி அடித்தது. ரெனெட்டா எடுத்தாள். கார்வர் சிட்டி அணியிலிருந்து ஒருவர், மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர்களுடைய எண்பத்துநான்காம் எண் இடம் காலியாகிவிட்டதாம். ஃபான்டனோ மாதிரியே ஆடுகிற ஒருவர் அந்த வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டார்களாம். உடனே விமானம் ஏற முடியுமா?

ரெனெட்டா கதவு இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், கட்டிலுக்கு வெளியே காலை நீட்டி.

"நீங்க கேக்கிற ஆளு இங்க யாரும் இல்லைங்க" என்றாள். "என் வீட்டுக்காரர்தான் இருக்கார். தூங்கறார்."